யாருடா எழுதிக் குடுத்தது?

எழுபதுகளின் கடைசியில் நான் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலையில் இருந்தேன். விடியுமுன் ஏறினால் இறங்கப் பிற்பகலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் தோட்டத்து மண்டபத்தில் நாடகம் போடுவோம். எழுதி வைத்த நாடகம் இல்லை. கூட்டத்தில் யாராவது ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அதை வைத்து அங்கேயே பேசி நடிப்போம். எங்களில் கெட்டிக்காரர் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் மற்ற மூவரும் ஓடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு பின்வரிசையிலிருந்து, "ஆஸ்பத்திரி" என்று குரல் வந்தது. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுப்பவரை டிரெஸர் என்போம். நான் டிரெஸரானேன். அக்கா பல்வலி, கால்வலி, மாமியார் தொல்லை என்று மூன்று தடவை வந்தார். மூன்றுக்கும் ஒரே வெள்ளை மாத்திரையை நீட்டினேன்.

"இத நான் முழுங்கவா, மாமியாருக்குக் குடுக்கவா?" என்றார் அக்கா. மண்டபம் அதிர்ந்தது. பார்க்க வந்திருந்த நிஜ டிரெஸரும் சிரித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி என்னையும் அக்காவையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"யாருடா எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதலீங்க ஐயா. அங்கயே பேசினதுதான்."

"பொய் சொல்லாத. தானா ராத்தா டவுன்ல எந்த வாத்தியாரு எழுதினாரு? உங்க மண்டையில இதெல்லாம் வராதுலா."

கேலி செய்ததற்காகத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். கொழுந்து பறிப்பவளுக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வராது என்றல்லவா சொன்னார்!

"ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா, இங்கயே நடிக்கிறோம்" என்றார் அக்கா.

கிராணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே எழுதி என்கிட்ட காட்டிட்டுத்தான் போடணும். படிக்கத் தெரியாத ஆளு வேணாம்" என்றார் என்னிடம்.

அக்கா இல்லாமல் நாடகம் இல்லை என்றேன். அந்த வாரமே என்னை மாடியிலிருந்து இறக்கி, தேயிலைச் செடிகளைக் கழிக்கும் கவ்வாத்து வேலைக்கு அனுப்பினார்கள், மண்டபத்தையும் பூட்டினார்கள். ரிங்லெட் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், பக்கத்துத் தகரக் கொட்டகையைக் கொடுத்தார். "மழ பேஞ்சா சத்தமா பேசுங்கலா" என்றார். வாரமெல்லாம் கத்தி பிடித்துக் கை மரத்துப்போயிருக்கும். ஞாயிறானால் காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு போய் நடித்தோம். பல வருடம் அப்படித்தான்.

எண்பதுகளின் நடுவில் கிராணி ஓய்வு பெற்றார். பிரியாவிடைக் கூட்டத்தில் தோட்ட மேனேஜரான துரை ஆங்கிலத்தில் புகழ, சின்ன கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "தொழிலாளிங்களுக்கு நாடகம் எழுதிக் குடுத்து, நடிக்கவும் சொல்லிக் குடுத்தவரு நம்ம ஐயா."

பெரிய கிராணி மறுக்கவில்லை. கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார்.

அக்கா எழுந்தார். "இவரு எங்களுக்கு ஒரு வரிகூட எழுதல. மண்டபத்தப் பூட்டினவரு இவரு."

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். நன்றி சொல்கிறார் என்று சின்ன கிராணி ஆங்கிலத்தில் சொன்னது எனக்குப் புரிந்தது. துரை கைதட்டினார்.

நான் எழுந்து சின்ன கிராணியைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்: "நோ சார். ஹி லை."

துரையின் கைகள் நின்றன. அக்கா இன்னும் முடிக்கவில்லை. நின்றபடியே, ஆஸ்பத்திரி நாடகத்திலிருந்து ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார்.