எல்லாரும் சிரித்த வரி

கல்லூரியில் அவருக்குப் பெயர் சப்டைட்டில் சார். வகுப்பில் வீடியோவாகப் பதிவாகும் பாடங்களை லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டு, பேச்சைத் திரையின் அடியில் ஓடும் எழுத்தாக்குவது வேலை. காது கேளாத மாணவர் ஒரே ஒருவர் இருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும் என்பது சட்டம். ஒருத்தி இருந்தாள், பொருளாதாரம், முதல் வரிசை.

நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்குகிறவரிடம் பேசத்தான் ஆளில்லை. எந்தப் பேராசிரியருக்குச் சளி, யார் வீட்டில் திட்டு வாங்கிவிட்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர்களுக்கு இவர் முகமே தெரியாது. ஊரிலிருக்கும் அக்கா போனில் "சாப்ட்டியாடா?" என்பாள், பதில் வருவதற்குள் வைத்துவிடுவாள்.

அன்றைய பதிவில் பொருளாதாரப் பேராசிரியர் மைக்கை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு செவிடுக்காக என் கழுத்துல மணி கட்டிட்டாங்கப்பா, மாட்டுக்குக் கட்டற மாதிரி!"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. முதல் வரிசைக்காரி திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள்.

அவர் அதை எழுதுமுன் கதவு தட்டப்பட்டது. பேராசிரியரேதான், கையில் இரண்டு டீயோடு. மைக் ஓடிக்கொண்டிருந்தது அப்புறம்தான் உறைத்திருக்கிறது. இவர் அவசர அவசரமாக இன்னொரு நாற்காலியைத் துடைத்தார். அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"அண்ணே, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்க. சும்மா தமாஷுக்குச் சொன்னது."

"கேக்கறதெல்லாம் எழுதணும்னு விதிங்க, சார்."

"அவளுக்குத்தான் கேக்கலையே!"

"அதுக்குத்தானே சார் எனக்குச் சம்பளம்."

பேராசிரியர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பலே ஆளுண்ணே நீங்க! இவ்வளவு நாள் உங்ககூடப் பேசாம இருந்துட்டேனே!"

மறுநாளும் டீயோடு வந்தார். முட்டிவலி, மகளின் கல்யாணம், கிரிக்கெட் என்று பேச்சு நீண்டது. இவருடைய முட்டியைப் பற்றிக்கூட விசாரித்தார். பாடம் மட்டும் வெளியாகாமல் கிடந்தது.

அவளிடமிருந்து செய்தி வந்தது: 'சார், மத்தவங்க வகுப்புலயே கேட்டுட்டாங்க. எனக்கு மட்டும் அந்தப் பாடம் இன்னும் வரலை. பரீட்சை வருது.'

அந்த இடத்தில் 'சிரிப்பு' என்று மட்டும் எழுதி ஓட்டிப் பார்த்தார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு மேலே அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை பார்க்க மனம் வரவில்லை. சொன்னதைச் சொன்னபடியே அடித்து அனுப்பினார்.

சாயங்காலம் டீ வரவில்லை. அவரே போய்ப் பழக்கதோஷத்தில் இரண்டு வாங்கிவந்து, இரண்டையும் குடித்தார். அவளும் ஒன்றும் எழுதவில்லை. நன்றியும் இல்லை, திட்டும் இல்லை.

அடுத்த பதிவில் பேராசிரியர் விலைவாசியைப் பற்றி ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஜோக் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரு சொல் பிசகாமல் அடித்துவிட்டு அவர் தனியே சிரித்தார். அவள் தன் அறையில் அதைப் படித்துச் சிரிப்பாளா என்பதை அறிய அவருக்கு வழியில்லை. அங்கே மைக் கிடையாது.