கடலைத் தோல் வாங்கிய ராஜா

என் தங்கை பெர்னதெத்தின் புருஷன் லூர்துசாமியை எங்கள் பேட்டை காக்ஸ் டவுனில் எல்லோருக்கும் தெரியும். மற்ற நாளில் ஆபீஸ் கிளார்க், மாதா கோயில் திருநாள் வந்தால் ராஜா. வருஷா வருஷம் ஒரே நாடகம்தான், அட்மீட்டஸ் என்ற கிரேக்க ராஜாவின் கதை. சாவு வாசலில் வந்து நிற்கிறது. பதிலுக்கு யாராவது செத்தால் நீ பிழைக்கலாம் என்கிறது தெய்வம். பெற்றவர்களே கையை விரிக்க, ராணி போகிறாள். "நான் கேட்கவில்லை, அவளாகவே தந்தாள்!" என்று லூர்து மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். உடனே ஹால் முழுக்க ஊளை. மானங்கெட்டவனே என்று கடலைத் தோலை வாரி எறிவோம். எறியச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அவருக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிற்று. தம்பிக்காரன், "எனக்குச் சின்னப் பசங்கண்ணா" என்று நழுவிவிட்டான். பெர்னதெத் தன் கிட்னி ஒன்றைத் தந்தாள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோதும், "இல்லீங்க, நானாதான் குடுக்கறேன்" என்றாள். நல்ல கதை! அதற்கு முன்னால் வீட்டில், பக்கத்து அறையில் நான் இருந்தேனே. அவள் பயந்து அழ அழ, தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் மனுஷன். அவள் சரி என்ற பிறகுதான் கஞ்சி இறங்கியது.

அவர் தேறியதும், அடுத்த திருநாளுக்குக் கோயில் சாமியார் அதே வேஷம் போடச் சொன்னார். லூர்து மாட்டேன் என்றார். "ஏன், இப்ப என்ன வெக்கம்?" என்று பெர்னதெத்தான் அட்டைக் கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டிக் கொடுத்தாள்.

மேடையில் அந்த 'அவளாகவே தந்தாள்' வசனம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். ஒரு தோல்கூட விழவில்லை. ஜனம் தலையைக் குனிந்துகொண்டது. யாரோ பாவப்பட்டுக் கைதட்டினார்கள், அதுதான் அவரைச் சுட்டது. கிரீடத்தைக் கழற்றிவிட்டார்.

"பொய்ங்க. நான் கேட்டேன். அவ பயப்படறான்னு தெரிஞ்சும் கேட்டேன். சோறு திங்காம படுத்துக்கிட்டு வாங்கினேன்."

அடப்பாவி, இத்தனை பேர் முன்னாலா? எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

முன்வரிசையில் பெர்னதெத் ஆபரேஷன் செய்த விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுந்தாள். மடியிலிருந்த கடலைத் தோலை அள்ளி அவர் மார்பிலேயே எறிந்தாள்.

"இப்பதாங்க ஒழுங்கா சொன்னீங்க" என்றாள். உட்கார்ந்து அழுதாள். வேறு யாரும் எறியவில்லை.