வாடகை வீட்டுக்குப் பதினொரு கையெழுத்து

1999ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், இரத்தினபுரி டவுனில் நடந்தது இது.

அதுவரை றக்வானைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு டவுனில் ஒரு பாடசாலைக்கு மாற்றம் கிடைத்திருந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் டீச்சரான முதல் ஆள் நான்தான் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கணவருக்கு ஏற்கெனவே டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. இரவில் துணி வெட்டும் மேசையிலேயே படுத்துக்கொள்வார். மகளை ஜனவரியில் முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். தவணை தொடங்குமுன் டவுனில் வீடு பார்க்காவிட்டால் மாற்றத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார்.

வீடு தேடி நாய் படாத பாடு பட்டோம். "எந்தப் பக்கம்?" என்பார்கள். தோட்டம் என்றதும் முகம் மாறும். தோட்டத்து ஆட்களுக்கு வீடு கொடுத்தால் பின்னாலேயே ஊர் முழுக்க வந்துவிடும் என்று ஓர் அம்மா முகத்துக்கு நேரேயே சொன்னார்.

கடைசியில் ஓய்வுபெற்ற மருத்துவிச்சி ஒருவர், தன் பெரிய வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளைத் தருவதாகச் சொன்னார். சிங்கள அம்மா; நோனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் சம்பளத்துக்கு எட்டிய ஒரே வீடு அதுதான். யுத்த காலம் என்பதால் பொலிஸில் பெயர் பதிய வேண்டும், எங்களுக்குப் பொறுப்பாக என் சகோதரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பிறகு பேச்சுவாக்கில், "சகோதரயோ கீ தெனெக் இன்னவாத?" என்று கேட்டார். சகோதரர்கள் எத்தனை பேர் என்று அர்த்தம்.

"பதினொரு பேர்" என்று சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன்.

"அனே பவ்!" என்று நோனா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உங்க அம்மா பாவம்!"

அம்மாவை ஏன் பாவம் என்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. நல்ல மனசு போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். நானும் கணவரும் மகளும் நோனாவின் கேற்றடியில் காத்திருந்தோம். றக்வானை பஸ் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். அவருக்குப் பின்னால் பெரியப்பாவின் மூத்த மகன். அவருக்குப் பின்னால் அவருடைய தம்பி, அப்புறம் சித்தப்பாவின் மகன்கள், பெரியம்மாவின் மகன்கள். துவைத்த வெள்ளைச் சேட்டுப் போட்டுப் பதினொரு பேரும் வரிசையாக இறங்கினார்கள். ஒருவர் தோளில் பலாப்பழம் வேறு.

நோனா வெளியே வந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் கேற்றைச் சாத்திவிட்டார். "மூணு பேருக்குத்தான் வீடு. ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். என்னால ஏலாது" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அண்ணனைப் பார்த்துச் சீறினேன். "ஒங்கள மட்டுந்தானே வரச்சொன்னேன்? ஊரையே ஏன் கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

பெரியப்பாவின் மூத்த மகன்தான் கேற்றுக்குப் பக்கத்தில் போனார். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்பவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: "நோனா, நாங்க தங்க வரல்லங்க. அடுத்த பஸ்ஸுல போயிருவோம். கையெழுத்து கேட்டீங்கன்னு சொன்னாங்க. தங்கச்சிக்கு ஒருத்தன் மட்டும் போட்டா மத்தவங்களுக்குக் கொறை இல்லீங்களா?"

அந்தக் காலத்தில் தமிழ் ஆள் ஒருவருக்காகக் கையெழுத்துப் போடுவது சும்மா விஷயமில்லை. ஏதாவது நடந்தால் பொறுப்பு நின்றவரையும் சேர்த்துத்தான் பொலிஸில் கூட்டிப்போவார்கள். அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பதினொரு பேரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நோனா யோசித்தார். பிறகு கேற்றின் கம்பிக்கு நடுவே பொலிஸில் கொடுக்க வேண்டிய தாளை நீட்டினார். ஒருவர் முதுகில் வைத்து ஒருவர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதினார்கள். இரண்டு பேர் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். தாளைத் திருப்பி வாங்கி வாசித்த நோனாவின் புருவம் ஏறியது. "துவே" என்றார், மகளே என்று அர்த்தம். "ஒரே அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு எப்படி நான்கு தகப்பன் பெயர்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மருத்துவிச்சி அல்லவா! என் அம்மா பதினொரு ஆண் பிள்ளைகளையும் என்னையும் பெற்றதாக நினைத்துத்தான் அன்றைக்குப் பாவப்பட்டிருக்கிறார். என் அம்மா பெற்றது அண்ணனையும் என்னையும் மட்டும். ஆனால் பெரியப்பா மகனை அண்ணன் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? தட்டுத்தடுமாறி விளக்கினேன்.

"மஹப்பகே புதாலாத?" என்றார் நோனா. பெரியப்பாவின் மகன்களா என்று கேட்கிறார். "நாங்களும் அவங்களை ஐயா என்றுதானே கூப்பிடுவோம்!" ஐயா என்றால் சிங்களத்தில் அண்ணன். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேற்றைத் திறந்தார். பதினொரு பேருக்கும் தேத்தண்ணீர் கிடைத்தது. பலாப்பழம் நோனாவின் குசினிக்குப் போனது. சாவி என் கைக்கு வந்தது.

ஒரேயொரு சட்டம் போட்டார். ஒரே நேரத்தில் இரண்டு விருந்தாளிக்கு மேல் தங்கக்கூடாது. ஆறு வருஷம் அங்கே இருந்தோம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், சோதனை எழுத வந்தவர்கள், எனக்குக் காய்ச்சல் என்றதும் மகளைப் பார்த்துக்கொள்ள வந்த அண்ணிமார் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். யார் எப்போது வருவது என்று லயத்திலேயே பேசி முடிவு செய்துகொண்டு வந்தார்கள். மூன்றாவது ஆள் ஒருநாளும் தங்கியதில்லை.

டவுனில் எங்களுக்கு வீடு கிடைக்காமல் போனது எங்கள் சொந்தக்காரர்களால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்காகப் பயப்படாமல் பெயரெழுத வந்தவர்களைப் பார்த்து, நடுரோட்டில் நான் கூசிப்போய் நின்ற அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் எத்தனை சகோதரர்கள் என்று இன்று யார் கேட்டாலும், அதே பெருமையோடு, அதே கணக்கைத்தான் சொல்வேன்.