நினிவேக்கு வெளியே

தனக்கு நிச்சயித்த பெண்ணைத் தம்பி ஜோனதன் கட்டிக்கொண்டதிலிருந்து, செபஸ்தியன் பாலோ ஊரில் தனியாகவே வாழ்ந்தார். நினிவே நகரம் அழியும் என்று யோனா தீர்க்கதரிசி எச்சரித்த பகுதியை மட்டும் பைபிளில் திரும்பத் திரும்பப் படித்தார். தம்பியின் பாவத்துக்கும் அப்படியொரு நாள் வருமென்று காத்திருந்தார்.

இந்த வருட வெள்ளத்தில் ஜோனதனின் வீடு மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் செபஸ்தியன் பார்க்கப் போனார்.

சேறு அள்ளிக்கொண்டிருந்த ஜோனதன் நிமிர்ந்தார். “வேடிக்கை பாக்க வந்தீங்களாண்ணே? தள்ளி நில்லுங்க லா, சட்டை அழுக்காயிரும்.”

வீடு திரும்பிய செபஸ்தியன் அன்று மிச்சக் கதையையும் படித்தார். நினிவே மனந்திரும்பியது, கடவுளும் இரங்கினார். அழிவைப் பார்க்க ஊருக்கு வெளியே உட்கார்ந்த யோனாதான் தனியாகக் கிடந்தார்.

மறுநாள் செபஸ்தியன் மண்வெட்டியுடன் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி குடும்பம் நிவாரண மையத்துக்குப் போயிருந்தது. ஆளில்லாத அந்த வீட்டில், ஒற்றை ஆளாகச் சேற்றை அள்ளத் தொடங்கினார்.