பேச்சியம்மாள் பேரில் ஒரு ரேடியோ லைசென்ஸ்

மலாயாவின் மெர்சிங் ஊர்க் கடைத்தெருவில் பேச்சியம்மாளின் சாப்பாட்டுக் கடையை அறியாதவர் கிடையாது. சாலை போடும் தமிழ் ஆட்களும் மலாய் மீனவர்களும் அங்கே மீன் குழம்புக்கும் வருவார்கள், ரேடியோவுக்கும் வருவார்கள். அந்தப் பெட்டியைச் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தவன் அவள் புருஷன் காளியப்பன். 1937இல் அவன் மறுபடி சிங்கப்பூருக்குப் போனான். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று பஸ் டிரைவர் வந்து சொன்னார். பேச்சியம்மாள் அன்று கடையைத் திறக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் உலை வைத்தாள்.

ரேடியோ கேட்கச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபால் ஆபீசில் புதுப்பிக்கவும் வேண்டும். கெடு நெருங்கியதும் பழைய லைசென்ஸை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே குமாஸ்தா வேலை பார்த்த கிராணி மரியநாதன் வாங்கிப் பார்த்தார்.

"இது உங்க வீட்டுக்காரர் பேருல இருக்கும்மா. அவர்தான் வந்து கையெழுத்துப் போடணும்."

"அவரு வரமாட்டாரு கிராணி ஐயா. என் பேருல எழுதுங்க."

"பொம்பளை பேருலயா? இந்த ஊர்ல யாரும் அப்படி வாங்கினதில்லையே."

"வாங்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா? பார்த்துச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

மரியநாதன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பின்னால் வரிசை நீண்டது, முணுமுணுப்பும் கேட்டது. அவள் நகரவில்லை. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தடை ஒண்ணும் இல்லம்மா. ஆனா பேர் மாறினா புது லைசென்ஸ்தான். அதிகாரி வந்து பார்ப்பாரு. அதுவரைக்கும் பெட்டி பாடக் கூடாது."

அதிகாரி வந்தார். ஏரியல் கம்பி தந்திக் கம்பியை ஒட்டிப் போகிறது, மாற்ற வேண்டும் என்றார். அன்றைக்கே ஆள் வைத்துக் கொல்லைத் தென்னையில் கட்டினாள். லைசென்ஸ் அவள் பேரிலேயே வந்தது.

சில மாதம் கழித்துக் காளியப்பன் கடை வாசலில் வந்து நின்றான். அவள் இலை போட்டுச் சோறு வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவியதும், "பெட்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

"எடுத்துக்குங்க, நீங்க வாங்கினதுதானே. லைசென்ஸ் என் பேருல இருக்கு. நான் வேற பெட்டி வாங்கிக்கிறேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அடுத்த ஆளுக்கு இலை போடப் போய்விட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

இரண்டு மாதத்தில் அதைவிடப் பெரிய பெட்டி வந்து இறங்கியது. மீனவர்களே தூக்கி வந்து அலமாரிமேல் வைத்தார்கள். பாட்டு தொடங்கியதும் மூலை மேசைக்காரர், "குவாட் சிக்கிட், காக்!" என்று, கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல்லி மலாயில் கத்தினார். பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.