“ஏன் எடுத்தே?” என்று முதலில் கேட்டவர்

இன்று காலைப் பூசை முடிந்ததும் மதர் எங்களை எழவிடவில்லை. “மதுரை ஆஸ்பத்திரியில நம்ம சிஸ்டர் பிலோமினா நேத்து மரிச்சுட்டாங்க” என்றார். எல்லோரும் அழுதார்கள். எனக்கு முதலில் தோன்றியது, நாளை சந்தைக்கு அப்பா வருவாரே என்பதுதான். அதற்காக வெட்கப்படுகிறேன்.

விடுதித் தோழிகளே, விளக்கணைத்த பிறகு ஒருவருக்கும் தெரியாமல் இதை எழுதுகிறேன். நாளை நான் இங்கே இல்லாமல் போனால் படியுங்கள்.

என்னைச் சேர்க்க வந்த அன்று அப்பா சிஸ்டரிடம் சொன்னார்: “ஒங்க மொகத்துக்காகத்தான் விட்டுட்டுப் போறேன். நீங்க இல்லாத அன்னைக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

“நான் எங்க போகப் போறேன்? மொதல்ல அந்தப் பூண்டு மூட்டையக் கீழ வைங்க, காப்பி குடிப்போம்” என்று சிஸ்டர் சிரித்தார்.

அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் நம்மோடு நொண்டி ஆடுவது நினைவிருக்கிறதா? “சிஸ்டர், கோட்ட மிதிச்சிட்டீங்க!” என்று கத்துவோம். “நான் மிதிக்கலடி, என் செருப்பு மிதிச்சிருச்சு!” என்பார். இந்த வயதில் என்ன ஆட்டம் என்று மதர் கடிந்துகொண்டபோது அவர் சொன்ன பதில் என் காதில் விழுந்தது: “ஆடுற எடத்துல நான் இருந்தா, தப்புப் பண்றதுக்கு முன்னாடியே பிள்ளைங்க வந்து சொல்லிருதுங்க மதர்.”

நான் மட்டும் முன்னாடி சொல்லவில்லை. வந்த புதிதில், வீட்டில் தம்பி காய்ச்சலில் கிடந்தான். மாதா கோவிலில் என்னைப் போன்ற இந்துப் பிள்ளைகள் பின்பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அன்று நான் நற்கருணை வாங்குகிறவர்களின் வரிசையில் போய் மண்டியிட்டு நாக்கை நீட்டினேன். சாமியார் வைத்த அப்பத்தை விழுங்காமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். பழனிக்குப் போனால் வர முடியாதவர்களுக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுவருவோம் இல்லையா, அப்படித்தான் நினைத்தேன்.

ரோசலின், நீ பார்த்துவிட்டாய். “ஐயையோ, இவ ஆண்டவரக் கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருக்கா! ஒனக்குக் கை அழுகிப் போயிரும்டி!” என்றாய். இன்றைக்கே இவளை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். சிஸ்டர் வந்தார். என் உயரத்துக்குக் குனிந்தார்.

“ஏன் எடுத்தே?”

சொன்னேன். அவர் கைக்குட்டையை இரண்டு கையாலும் வாங்கிச் சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். “எங்களுக்கு அதுதான் ஆண்டவர். அதனாலதான் எல்லாரும் பதறிட்டாங்க. ஒனக்கு வெளங்கச் சொல்லாதது என் தப்பு” என்றார். அன்று மாலை ஜெபத்துக்குப் பிறகு உங்கள் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னார். ரோசலின், மறுநாள் நீதான் என்னை முதலில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டாய்.

பூசைக்கு அப்பம் வெட்டியதில் மிஞ்சிய ஓரத்துண்டுகளைச் சிஸ்டர் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். “இது வெறும் மாவுதான். தம்பி கடிச்சுத் திங்கட்டும். ஆனா காய்ச்சலுக்கு டாக்டர்கிட்டத்தான் காட்டணும். ஒங்கப்பாகிட்ட நான் பேசவா, நீ பேசுறியா?”

“நீங்களே பேசுங்க சிஸ்டர்” என்றேன். பேசினார். தம்பி பிழைத்தான்.

ஒரு பிள்ளையைக் கேட்காமல் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் எதையும் முடிவு செய்ததில்லை. நாளை அப்பாவும் மதரும் பேசிக்கொள்வார்கள். என்னைக் கேட்க யாரும் இல்லை. அப்பா முகத்தைப் பார்த்து எதையும் மறுத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கேட்டுக் கேட்டே, சொல்வதற்கு என்னிடமும் பதில் உண்டு என்று சிஸ்டர் எனக்குக் காட்டிவிட்டார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

யாரும் கேட்காவிட்டாலும் நாளை மதர் அறைக்குள் போய்ச் சொல்லிவிடுவேன்: “அப்பா, நான் வரலப்பா. இங்கதான் படிக்கணும்.”