ஒட்வார் போட்ட பனிப்பாதை

பெர்கன் நகரத்தில் மர வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற கம்பனிகள் பல. எந்த மழைக்கும் உரியாத பெயின்ற் யாருடையது என்று கேட்டால், என்னைத்தான் கை காட்டுவார்கள். ஊரில் ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கோட்டைவிட்டவன் நான். இன்றைக்கு ஒரு கணக்காளரையே சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இனி வரப்போவது என் நண்பன் ஒட்வாரின் கதை. அதில் நான் பெரும்பாலும் பனிக்குள் விழுந்துதான் கிடப்பேன்.

எண்பத்தாறாம் ஆண்டு நான் இந்த நாட்டுக்கு மாணவனாக வந்தேன். மாணவன் என்றதும் தடித்த புத்தகங்களை நினைக்க வேண்டாம். கடல் உள்ளே நுழைந்து கிடந்த ஒரு கரையில், தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் அது. பரீட்சை கிடையாது, புள்ளி கிடையாது. நெசவு, பாட்டு, மலையேற்றம், அவ்வளவுதான். எனக்கென்றே கட்டிய பள்ளிக்கூடம் என்று மகிழ்ந்தேன். பரீட்சையே இல்லாத இடத்திலும் ஒருவன் கடைசியாக வரலாம் என்பது மலையைக் கண்ட பிறகுதான் தெரிந்தது.

ஒட்வார் என் அறைத்தோழன். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆடு வளர்க்கிறவரின் ஒரே மகன். நாள் முழுவதும் அவன் வாயிலிருந்து வருவது ஒரு சொல்தான். அதையும் மூச்சை உள்ளே இழுத்தபடி "யா" என்பான். ஆம் என்று அர்த்தம். முதல் கிழமை முழுக்க அவனுக்கு ஆஸ்துமா என்று நினைத்து, இரவெல்லாம் யன்னலைத் திறந்து வைத்தேன். இருவரும் விறைத்துப் போனோம். ஏன் திறந்தாய் என்று அவன் கேட்கவில்லை. இன்னொரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தான்.

ஆனால் மலையில் அவன் வேறு ஆள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஸ்டோரநூட் என்ற மலை. அதில் ஏற ஏற மரங்கள் குறைந்துகொண்டே போய், கடைசியாக வளைந்த ஒரு பேர்ச் மரம் நிற்கும். அதைத் தாண்டினால் ஒட்வாரின் வாய் திறந்துவிடும். எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வான். ஆட்டுக் குளம்பு நோயில் தொடங்கி அரசாங்கம் வரைக்கும் பேசுவான். இறங்கும்போது அதே மரத்தடியில் வாய் மூடிக்கொள்ளும். மலையில் கதைத்த மனிதர் மறுநாள் பஸ்ஸில் ஏறினால், இவன் யன்னலைப் பார்ப்பான். அவரும் யன்னலைத்தான் பார்ப்பார்.

ஞாயிறுதோறும் எங்களோடு குன்வோரும் மலைக்கு வருவாள். வடக்கே ஒரு தீவின் மீன்பிடிகாரர் மகள், நெசவு படிக்க வந்தவள். கெட்ட வார்த்தை சேர்க்காமல் அவளுக்குக் காலை வணக்கம்கூட வராது. அவர்கள் ஊரில் அது பாசம். மாரி காலத்தில் மூவரும் காலில் சறுக்குக்கட்டை கட்டிக்கொண்டு போவோம். ஒட்வார் எங்கோ முன்னால் ஒரு புள்ளியாகத் தெரிவான். நடுவில் குன்வோர். கடைசியில், பெரும்பாலும் படுத்த நிலையில், நான்.

"எழும்படா மடையா! வள்ளத்துக்குள்ள விழுந்த மீன் மாதிரிக் கிடக்கிறாய்" என்று திரும்பி வந்து நிற்பாள் குன்வோர்.

"நான் விழேல்ல. இளைப்பாறுறன்."

"மூஞ்சையைப் பனிக்குள்ள புதைச்சு வைச்சோ இளைப்பாறுறது?" என்று கையைப் பிடித்துத் தூக்குவாள். பிறகு மேலே அந்தப் புள்ளியைப் பார்ப்பாள். "அந்தப் பிசாசைப் பார். எப்ப பார்த்தாலும் ஓட்டம். பக்கத்தில வந்தா நான் என்ன கடிச்சுப்போடுவனே? எங்கட ஊரில ஒருத்தனுக்கு ஒருத்தியைப் பிடிச்சா, வள்ளத்தில பக்கத்தில இருந்து துடுப்புப் போடுவான். இவன் என்னைக் கண்டாலே உச்சிக்கு ஓடுறான்."

"உனக்கு அவனைப் பிடிக்குமோ?"

"வாயைப் பொத்து. இல்லாட்டி அடுத்தமுறை கிடக்கிற இடத்திலேயே விட்டிட்டுப் போயிடுவன்."

மாசி மாதம் ஒரு ஞாயிறு குன்வோருக்குக் காய்ச்சல். நாங்கள் இருவர் மட்டும் போனோம். அன்றைக்கு ஒட்வார் என் பக்கத்திலேயே, மாட்டு நடையில் வந்தான். எனக்கு அதிசயமாக இருந்தது.

"இண்டைக்கு என்ன, காலில நோவோ? ஓடேல்ல?"

"நான் எப்ப ஓடினனான்?"

"ஒவ்வொரு ஞாயிறும் ஓடுறாய்தானே."

அவன் நின்றுவிட்டான். "அது ஓட்டமில்லை மச்சான், பாதை போடுறது. புதுப்பனியில முன்னுக்குப் போறவன்தான் முழங்கால் ஆழத்துக்கு மிதிக்கோணும். கொஞ்ச நேரம் விட்டால் தடம் இறுகும். பின்னால வாற அவளுக்குச் சுகமா இருக்கும். அதுக்குத்தான் தூரமாப் போறன். எங்கட அப்பாவும் அம்மாவுக்கு இப்பிடித்தான் போட்டவர்."

"இதை அவளிட்டச் சொன்னியோ?"

"சொல்ல என்ன கிடக்கு? பாதை முன்னால கிடக்குதுதானே. பார்த்தாத் தெரியாதோ?"

"எனக்கும் ஒரு பாதை போட்டிருக்கலாமே."

"உனக்கென்னத்துக்கு? நீ எப்பிடியும் பாதைக்கு வெளியாலதான் விழுவாய்."

இறங்கும்போது பேர்ச் மரத்துக்குச் சற்று மேலே என் கையைப் பிடித்தான். "நீ சொல்லிப்போடாத. நான்தான் சொல்லோணும். மலையில வைச்சுச் சொல்லுறன்." அடுத்த அடி மரத்தைத் தாண்டிவிட்டது. எப்போது சொல்வாய் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

என்னைப் போன்ற வாயாடிக்கு இப்படி ஒரு இரகசியத்தைக் கொடுக்கலாமா? கோதுமை மாவை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தவன் மாதிரி வயிறு ஊதித் திரிந்தேன். பங்குனி போனது, சித்திரை போனது. அவன் முன்னால் ஓடினான், அவள் பின்னால் திட்டினாள், நான் விழுந்தேன்.

வைகாசிக் கடைசி ஞாயிறு. அதோடு பள்ளி முடிகிறது. காலைச் சாப்பாட்டில் குன்வோர் பாண் துண்டில் பழுப்புச் சீஸை வெட்டி வைத்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்குக் காலமை கப்பல். ஊரில மீன் பக்டரியில வேலை கிடைச்சிட்டுது. இனி இந்தப் பக்கம் எனக்கு என்ன அலுவல்?"

ஒட்வாரின் கோப்பை பாதி வழியில் நின்றது. அதை வைத்துவிட்டு எழுந்தான். தோள்பையில் பெரிய தோடம்பழம் ஒன்றை எடுத்து வைத்தான். அங்கே மலையேறுகிறவர்கள் உச்சியைத் தொட்ட பிறகுதான் தோடம்பழம் உரிப்பார்கள். அன்றைக்கு முகச்சவரம்கூடச் செய்திருந்தான்.

கீழே புல் முளைத்திருந்தது, மேலே இன்னும் பனி. சறுக்குக்கட்டை இல்லாமல் நடந்தே போனோம். பேர்ச் மரத்தைத் தாண்டியதும் என் காதில் சொன்னான்: "இண்டைக்கு உச்சியில கேக்கிறன்."

"அப்ப அவளுக்குப் பக்கத்தில நடவன்."

"பனி இளகிக் கிடக்கு மச்சான். பாதை போடோணும்" என்று போயே விட்டான்.

அப்போது எனக்கும் ஒரு சொந்த அலுவல் இருந்தது. உச்சியில் முதலாவதாக நிற்கிற ஒரு படத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எத்தனையோ ஞாயிறு வந்தும், ஒருதரமாவது நான் முந்தியதில்லை. ஆகவே பாதையை விட்டு விலகி, ஒரு பெரிய பாறையின் ஓரமாகக் குறுக்கே ஏறினேன். பாறையோரத்துப் பனி அடியில் வெறும் பொந்து என்பது அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்கு இடுப்புவரை உள்ளே போன பிறகு தெரிந்தது. கணுக்கால் முறுகியது. "ஐயோ அம்மா!" என்று போட்ட சத்தம் நாலு மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த மலைகளை முதன்முதலில் தமிழ் கேட்க வைத்தவன் நான்தான்.

உச்சிக்கு மிக அருகில் போயிருந்த ஒட்வார் திரும்பிப் பார்த்தான். ஒருவனுக்கு இயலாவிட்டால் எல்லோரும் திரும்ப வேண்டும். அங்கே அதில் பேச்சே கிடையாது. உச்சியை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, பனியில் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். இருவரும் என்னை இழுத்தெடுத்து, ஆளுக்கொரு தோளில் என் கையைப் போட்டுக்கொண்டார்கள்.

"என்னத்தைத் தின்கிறாய், கல்லையோ?" என்றாள் குன்வோர்.

அவன் என்னோடு பேசினான், அவள் என்னோடு பேசினாள். என்னைத் தாண்டி ஒருவரோடொருவர் பேசவில்லை. ஒட்வார் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினான். கீழே அந்த வளைந்த பேர்ச் மரம் தெரிந்தது. பத்து அடி, ஐந்து அடி. அதையும் தாண்டிவிட்டோம். இனி இவன் வாய் திறக்கமாட்டான், விடிந்தால் கப்பல். என் வயிற்றிலிருந்த மாவு வெடித்தது.

"ரெண்டு பேரும் நில்லுங்கோ! குன்வோர், இவன் உன்னை விட்டு ஓடேல்ல. நீ சுகமா நடக்கோணுமெண்டு மாரி முழுக்க முழங்கால் பனியை மிதிச்சுப் பாதை போட்டவன். ஒட்வார், பிடிக்காமத்தான் நீ ஓடுறாயெண்டு இவள் நினைக்கிறாள். இவளின்ர ஊரில பக்கத்தில இருந்தாத்தான் அன்பு. உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில என்ர கால்தான் போச்சு!"

இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். நான் சேற்றுப் பனியில் தொப்பென்று குந்தினேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

"உண்மையோ?" என்று கேட்டாள் குன்வோர்.

ஒட்வாரின் முகம் சிவந்தது. மூச்சை உள்ளே இழுத்தான். "யா."

அவள் தொடங்கினாள். அத்தனை கெட்ட வார்த்தையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "நாசமாப் போனவனே, பனியில எழுதி வைச்சா ஆரடா வாசிக்கிறது? வாய் எதுக்குக் கிடக்கு?" என்று அழுதுகொண்டே அவன் நெஞ்சில் குத்தினாள். அவன் பையைத் திறந்து தோடம்பழத்தை எடுத்தான். உச்சியில்லாத இடத்தில், மரத்தடியில் நின்றே உரித்து, முழுவதையும் அவள் கையில் வைத்தான். எனக்குத் தோல் கிடைத்தது.

இன்றைக்கு அவர்களுக்குப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அவர்களுடைய ஆட்டுக் கொட்டகைக்கு நான்தான் பெயின்ற் அடிக்கிறேன், காசு வாங்குவதில்லை. ஒரு கணுக்காலைக் கொடுத்து ஒரு குடும்பத்தையே உண்டாக்கினவன் காசு கேட்கலாமா? வேறு எந்தக் கம்பனிக்காரன் இப்படிச் செய்திருக்கிறான்?

தோடம்பழம் உரித்த மறுநாள் காலை, கால் கட்டோடு துறைமுகத்துக்குப் போனேன். ஒட்வாரும் பையோடு வந்திருந்தான், அவள் தகப்பனைப் பார்க்கப் போவதற்கு. கப்பலில் ஏறும் பலகை ஒடுக்கமானது, ஒரு ஆள் போகத்தான் இடம் காணும். பழக்கதோஷத்தில் அவன் விறுவிறுவென்று முன்னால் ஏறினான். குன்வோர் எட்டி அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஓடுறாய்? பக்கத்தில வா."

இருவரும் பைகளோடு பக்கத்தில் பக்கத்தில் நெருக்கியடித்து ஏறினார்கள். நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். பின்னால் பெட்டியும் கையுமாக ஒரு வரிசை ஆட்கள் காத்து நின்றார்கள். அது மலையில்லை. ஆகவே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "தள்ளுங்கோ!" என்று கத்தியது நான் ஒருவன்தான்.